குசினியில் ஒரு இடது கால்

எங்கள் வீட்டுக் குசினியில் வெங்காயம் கிடப்பது என்னுடைய இடது காலுக்குள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பூச்சாடி என்று நினைப்பார்கள். துறைமுகத்தில் ஏதோ கப்பலிலிருந்து கழற்றிய சாமானோ என்று கேட்டவர்களும் உண்டு. நீல நிறம், முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை, மேலே அகலமான வாய். தானாக நிற்காது, சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். குதிக்குள் போய்க் கிடக்கிற வெங்காயத்தை எடுக்கக் கை எட்டாதபோதெல்லாம் அம்மா அப்பாவைத் திட்டுவார். ஆனால் அதைத் தூக்கி எறிய ஒருநாளும் விட்டதில்லை.

அது வந்தபோது எனக்கு ஏழு வயது. பிறந்த நேரம் மூச்செடுக்க நான் கொஞ்சம் சுணங்கிவிட்டேனாம். அந்தச் சுணக்கத்தில் இடது கையும் இடது காலும் என்னோடு கோபித்துக்கொண்டுவிட்டன. கை பெரிதாகக் குழப்படி செய்யவில்லை. கால்தான் பிடிவாதம். குதி நிலத்தில் படாது, நுனிவிரலிலேயே நிற்கும். எங்கள் சல்லிக் கிராமத்தில் ஒழுங்கைக்காரர் என்னை 'அந்த ஏலாத பிள்ளை' என்பார்கள். அந்தச் சொல் அம்மாவின் காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க எங்கள் குசினியில் பாத்திரங்கள் சத்தம் போடும். உண்மையில் எனக்கு ஏலாதவை இரண்டுதான்: ஓடுவதும், வாயை மூடிக்கொண்டிருப்பதும்.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ரவுண் ஆசுபத்திரிக் கிளினிக்குக்குப் போவோம். அங்கே கைகால் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருவர் இருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். அவர் என் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிட்டது எனக்குத் துண்டாகப் பிடிக்கவில்லை. பிறகு வெளியே காத்திருக்கும் வாங்கில் இருந்த எல்லாத் தாய்மாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று கண்டதும், பாவம், இவருக்குச் சொந்தத்தில் தாய் இல்லைப் போலும் என்று மன்னித்துவிட்டேன். ஆனால் ஒன்று விளங்கவில்லை. பிள்ளைகள் தாய்க்குப் பயப்படுவதைத்தான் நான் கண்டிருந்தேன். அங்கே தாய்மார் எல்லாரும் அந்தப் பிள்ளைக்குப் பயந்துபோய் இருந்தார்கள்.

பயத்துக்குக் காரணம் ஒரு தாள். அதில் ஒரு வெள்ளைக் கட்டில், கட்டிலில் ஒரு துப்புரவான பிள்ளை, பிள்ளையின் குதியை அழுத்திப் பிடிக்கும் ஒரு கை என்று படங்கள் போட்டிருக்கும். கீழே நாளுக்கு இரண்டாகக் கட்டங்கள். பயிற்சி செய்ததும் ஒவ்வொரு கட்டத்திலும் சரி போட வேண்டும். அம்மா அதிகாலையிலிருந்து கடைகளுக்கு இடியப்பம் அவிக்கிறவர். வீட்டில் பேனை எங்கே கிடக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. மாதம் முழுக்க வெறுமையாகக் கிடந்த கட்டங்களுக்கு, கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில் வைத்துத்தான் மளமளவென்று சரி விழும்.

மிஸ் ஒருமுறை தாளை வெளிச்சத்தில் பிடித்து, நெளிந்து கிடந்த சரிகளைப் பார்த்தார்.

"அம்மா, உங்கட வீட்டு மேசை ஆடுதோ?"

"ஓம் மிஸ். ஒரு கால் கட்டை," என்றார் அம்மா கண்ணிமைக்காமல்.

எங்கள் வீட்டில் மேசையே இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல் என் தொடையில் அழுந்தியது.

இன்னொருமுறை பஸ் நிலையத்தில் இறங்கி நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே திரியும் மான்களில் ஒன்று வந்து அம்மாவின் பையிலிருந்து தாளை உருவித் தின்றுவிட்டது. கடதாசி தின்றே வளர்ந்த மான்கள் அவை. தாளை மான் தின்றுவிட்டது என்று அம்மா சொன்னபோது மிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அத்தனை மாதத்தில் அம்மா அந்த அறையில் சொன்ன ஒரே உண்மையை மிஸ் நம்பவில்லை.

அப்பா கிளினிக் பக்கம் வருவதில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை வந்திருக்கிறார். சொந்தத்துக்குள் கலியாணம் செய்தவர்களா என்று அறிய விரும்பிய டொக்டர் ஒருவர், "நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமோ?" என்று கேட்டிருக்கிறார். "ஓம் டொக்டர், கலியாணம் முடிச்சிருக்கிறம்," என்றிருக்கிறார் அப்பா. வாங்கில் இருந்த சனம் முழுக்கச் சிரித்ததாம். அப்பா அன்றைக்கு இறங்கிய படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

அவருக்கு வேலை கடற்கரையில், பைபர் வள்ளம் செய்வதும் திருத்துவதும். வள்ளத்தின் முழு உருவத்துக்கும் முதலில் ஒரு அச்சு வேண்டும். அதற்கு மோல்ட் என்று பெயர். அந்த மோல்ட்டுக்குள்தான் ரெசின் பசையும் மெட் என்ற கண்ணாடி நார் விரிப்பும் போட்டு வள்ளத்தை வார்த்தெடுப்பார்கள். எங்கள் வீட்டில் சாமி பெயரை விட அதிகமாகப் புழங்கிய சொல் அது. கரையில் அப்பாவின் கண்ணுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்து வள்ளத்தைப் பார்த்து, "இடப்பக்கம் அரை இஞ்சி சரிவு," என்பார். வள்ளத்தின் சொந்தக்காரர் கோபத்தோடு அளந்து பார்ப்பார். அரை இஞ்சிதான் இருக்கும்.

அப்படிப் போன ஒரு மாதம் மிஸ் என் குதியை அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நரம்பு இறுகிக்கொண்டு வருகிறதாம்.

"இப்பிடியே போனா பெரிய டொக்டர் வெட்டித்தான் விட வேண்டி வரும், அம்மா. அதுக்கு முதல் காலுக்கு மோல்ட் எடுத்துப் பாப்பம். சப்பாத்து மாஸ்டர் மூண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான் வாறவர். அடுத்தமுறை தவறவிடாம வாங்கோ. அப்பாவும் வரோணும்."

இந்தப் பேச்சிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சொல்லைப் பொறுக்கிக்கொண்டோம். நான் பொறுக்கியது 'வெட்டு'. காலை வெட்டப் போகிறார்கள். அம்மா பொறுக்கியது 'மோல்ட்'. சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் மிஸ் சொன்னது அம்மாவின் வாயில் உருமாறிவிட்டது. அப்பாவிடம் அவர் ஒப்புவித்தது இப்படி: "காலுக்கு மோல்ட் எடுத்துக்கொண்டு உங்களை வரட்டாம்."

அப்பா கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார்.

"என்னையோ?"

"உங்களைத்தான். கட்டாயம் வரட்டாம்."

அன்று மாலைக்குள் கரை முழுக்கச் செய்தி பரவியது. ஆசுபத்திரியில் மோல்ட் தெரிந்த ஆள் இல்லையாம், ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார்களாம். தன்னைப் பார்த்துச் சிரித்த இடம் தன்னைத் தேடி வந்துவிட்டதென்று அப்பாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

தம்பலகாமத்து வயலிலிருந்து உரப்பையில் களிமண் வந்தது. அப்பா ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனின் தலையை வெட்டி, முற்றத்தில் கதிரை போட்டு என்னை இருத்தி, காலுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, காலுறையாக ஒரு பழைய மேஸ் மாட்டி, கேனுக்குள் இறக்கினார். தூக்கி நின்ற என் குதிக்குக் கீழே பிடி பிடியாகக் களியை வைத்து அணைத்தார். அம்மா மா ஒட்டிய கையோடு எட்டிப் பார்த்தார்.

"குதியை அமத்திப் பிடிக்க வேண்டாமோ? மிஸ் அப்பிடித்தான் பிடிக்கிறவ."

"அதைக் கஷ்டப்படுத்தாத. எப்பிடி நிக்குதோ அப்பிடியே நிக்கட்டும்."

மோல்ட் விஷயத்தில் அப்பாவோடு வாதாட முடியாது. அம்மா உள்ளே போய்விட்டார். நான் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தேன். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் வந்து, தேர் பார்ப்பதுபோல் நின்று பார்த்தார்கள். களி இறுகியதும் கால் வர மறுத்தது. அப்பா என் கக்கத்தில் பிடித்து இழுக்க, அம்மா கேனைப் பிடித்து இழுக்க, ஒரு பெரிய சத்தத்தோடு கால் வெளியே வந்தது. நானும் அப்பாவும் கதிரையும் ஒன்றாக விழுந்தோம். மேஸ் கேனுக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்பா குறட்டால் அதை மெதுவாக உரித்தெடுத்தார்.

களியில் இருந்த பள்ளத்துக்குள் சீமெந்து ஊற்றி, இரண்டு நாள் கழித்துக் கேனைப் பிளந்து களியைக் கழுவியபோது என்னுடைய கால் தனியாகக் கிடந்தது. மேஸ் நெளிந்த மடிப்புக்கூட இருந்தது. அந்தச் சீமெந்துக் காலைத் தேய்த்து மினுக்கி, மெழுகு பூசி, அதன்மேல் மெட்டும் ரெசினும் போட்டு, இரண்டு பாதியாகக் கழற்றிப் பூட்டினார். வெளியே வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழைய காலை வெட்டுகிறார்கள். அதற்குப் பதிலாக அப்பா புதுக் கால் செய்கிறார். நீலம் எனக்குப் பிடித்த நிறமில்லை, ஆனாலும் அப்பாவின் மனம் நோகக்கூடாதென்று ஒன்றும் சொல்லவில்லை. "விரல் அசையாதோ அப்பா," என்று மட்டும் கேட்டேன். "மோல்ட் எண்டா அசையக்கூடாது பிள்ளை," என்றார் பெருமையாக. உள்ளே வெறுமையாக இருந்தது. அதற்குள் என்ன போட்டு நிரப்புவார்கள் என்பதுதான் யோசனையாக இருந்தது. வெங்காயம் என்று அப்போது யார் கண்டது.

கிளினிக்குக்கு முதல்நாள் பின்னேரம் எனக்குப் பயம் பிடித்தது. என்ன இருந்தாலும் ஏழு வருஷம் கூட இருந்த கால். பிடிவாதம்தான், ஆனால் கெட்ட கால் இல்லை. அதைச் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. பக்கத்து வளவில் மருதோன்றி இலை பிடுங்கி வந்து, இடது காலுக்கு மட்டும் வைத்துவிடச் சொன்னேன். "மற்றக் காலுக்கு?" என்றார் அம்மா. "இதுதானே ஆசுபத்திரிக்குப் போறது," என்றேன். அம்மா சிரித்துக்கொண்டு ஐந்து விரலுக்கும் வைத்துவிட்டார். நான் குனிந்து அந்தக் காலை ஒருமுறை கொஞ்சினேன். யாரும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா கோயில் திருவிழாவுக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டு, மோல்ட்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தார். அம்மா வழக்கம்போல் தாளை எடுத்துச் சரி போடத் தொடங்கினார். அப்பா ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "நாலாவது சரி கொஞ்சம் சரிஞ்சிட்டுது," என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மிச்ச வழி முழுக்க அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். அப்பா உள்ளே போய், கட்டிலில் சாக்கை வைத்து, கோயிலில் சாமிக்குத் திரை விலக்குவது போல் விலக்கினார். மிஸ் அதைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"இது என்ன?"

"மோல்ட், மிஸ். கொண்டு வரச் சொன்னனீங்களாம்."

"நாங்கள் எடுக்கிறதுக்கு வரச் சொன்னது, அப்பா. எடுத்துக்கொண்டு வரச் சொல்லேல்ல. பிள்ளையைப் பிடிக்க ஒராள் வேணும் எண்டுதான் உங்களைக் கேட்டது."

கதவு திறந்திருந்தது. வாங்கில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வாங்கு முழுக்கச் சிரித்தது. அப்பாவின் காது சிவந்தது. மோல்ட்டைத் திரும்பச் சாக்கில் சுற்றத் தொடங்கினார். அவர் இனி இந்தப் படியை மிதிக்கமாட்டார் என்பது எனக்கே தெரிந்தது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வையுங்கோ, வையுங்கோ," என்றது ஒரு குரல்.

சப்பாத்து மாஸ்டர். தலை நரைத்தவர். எங்களைப் போன்ற பிள்ளைகளின் கால்களுக்குப் பிளாஸ்டிக் கவசம் செய்கிறவர். அவர் சாக்கை விலக்கி, மோல்ட்டை நகத்தால் தட்டிப் பார்த்தார். மூக்கில் வைத்து மணந்தார்.

"எத்தினை மெட்?"

"ரெண்டு."

"குமிழி ஒண்டும் இல்லையே. இறுகிறதுக்கு ஹாட்னர் எவ்வளவு போட்டனீங்கள்?"

"வெயில் கூட. அதால குறைச்சுத்தான் விட்டனான்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது வேறு யாருக்கும் விளங்கவில்லை. மாஸ்டர் தன் பெட்டியைத் திறந்து ஒரு கவசத்தை எடுத்துக் காட்ட, அப்பா அதைத் தட்டிப் பார்த்துத் தலையாட்ட, வெளியே நம்பர் வைத்திருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "மாஸ்டர், பிள்ளையின்ட கால்," என்று மிஸ் இரண்டு தரம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

மாஸ்டர் என் பக்கம் திரும்பியதும் நான் முடிவு செய்துவிட்டேன். புதுக் கால் பாஸ். இனி வெட்டுதான். கட்டிலில் ஏறிக் காலை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நோகாம வெட்டுங்கோ," என்றேன்.

மிஸ் என் காலைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் இந்தக் காலுக்கு மட்டும் மருதோன்றி?"

"இதுதானே மிஸ் போற கால்."

மிஸ் கதவைச் சாத்தினார். எனக்கு முன்னால் நிலத்தில் குந்தி இருந்தார். காலை யாரும் வெட்டமாட்டார்கள் என்றும், வெட்டுவதென்றால் குதிக்குப் பின்னால் இறுகிப்போன நரம்பை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிடுவது என்றும், கவசம் போட்டால் அதுகூடத் தேவைப்படாமல் போகலாம் என்றும் என்னுடைய காலில் தன் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு நாளும் வராத அழுகை, வெட்டமாட்டார்கள் என்றதும் வந்தது. மிஸ் எழுந்து அம்மாவைப் பார்த்தார்.

"நான் விளங்கச் சொல்லேல்ல, அம்மா. என்ர பிழை."

அம்மா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஆசுபத்திரியில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. வேறு எந்த அம்மாவுக்கோ சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

பிறகு உண்மையான மோல்ட் எடுக்கும் வேலை தொடங்கியது. மாஸ்டர் நனைந்த வெள்ளைத் துணியைக் காலில் சுற்றச் சுற்ற, அது இறுகும் வரை ஒருவர் குதியைக் கீழே அழுத்தி நேராகப் பிடிக்க வேண்டும். அப்பா பிடித்தார். நான் "ஆ" என்றதும் விட்டுவிட்டார். மறுபடி பிடித்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே விட்டுவிட்டார். ஒரு வள்ளத்தைத் தனியாகப் புரட்டுகிற கைக்கு என் குதியைப் பிடிக்க ஏலவில்லை.

"விலகுங்கோ," என்றார் அம்மா.

அம்மா ஒரு கையால் முழங்காலை அணைத்து, மற்றக் கையால் குதியைக் கிண்ணம் போல் ஏந்தி, முன்கையால் பாதத்தை மேலே தள்ளினார். மெல்ல மெல்ல, நோகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி தள்ளினார். கால் சொன்னபடி கேட்டது. மிஸ் காலைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது எங்க பழகினனீங்கள்?"

அம்மா பிடிபட்டவர் போல் முழித்தார். "குசினியிலதான் மிஸ். இடியப்பம் அவியேக்க, ஒரு தட்டு அவியிற நேரம் இவளின்ட காலைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். தாளில இருக்கிற மாதிரிக் கட்டில்ல வைச்சு ஒரு நாளும் செய்யேல்ல. பொய்தான் சொன்னனான்."

"ஒரு நாளைக்கு எத்தினை தட்டு அவிப்பீங்கள்?"

"பத்துப் பன்னிரண்டு இருக்கும்."

நாளுக்கு இரண்டு தடவை செய்யச் சொல்லிக் கட்டம் போட்டுக் கொடுத்த மிஸ் அம்மாவிடம் கையை நீட்டினார். தாளை வாங்கி, நாலாக மடித்து, தன் மேசை இலாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு எங்களிடம் அவர் தாள் கேட்டதேயில்லை. "அப்ப மானும் உண்மையோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம் மிஸ்," என்றார் அம்மா.

எல்லாம் முடிந்து புறப்படும்போது அப்பா தயங்கித் தயங்கி மாஸ்டரிடம் போனார்.

"நான் எடுத்ததில என்ன பிழை?"

"வேலையில பிழை இல்லை," என்றார் மாஸ்டர். "நீங்கள் கால் இருக்கிற மாதிரியே எடுத்திட்டீங்கள். நாங்கள் அது இருக்க வேண்டிய மாதிரி எடுக்கிறது. இஞ்ச பாருங்கோ, குதி எவ்வளவு மேல நிக்குது, பாதம் எவ்வளவு உள்ளுக்கு வளைஞ்சிருக்குது. வள்ளம் பாக்கிற கண்ணுக்கு இது தெரியேல்லையோ?"

அப்பா நீல மோல்ட்டைக் கையில் எடுத்தார். ஒரு கண்ணை மூடினார். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு வளைஞ்சு தெரியேல்ல," என்றார்.

மாஸ்டர் பெட்டியை மூடுவதை நிறுத்தினார். மிஸ் ஏதோ தேடுகிறவர் போல் இலாச்சியைத் திறந்தார், சற்று முன்தான் பூட்டிய அதே இலாச்சி. நான்தான் முந்திக்கொண்டு, "மிஸ், அப்பாவுக்கு ஒரு கண்ணாடி எழுதிக் குடுங்கோ," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இந்தமுறை அப்பாவும் சிரித்தார்.

அடுத்த மூன்று மாதத்தில் கவசம் வந்தது. அதற்குப் பிறகு கிளினிக் தவறாமல் வந்தவர் அப்பாதான். பிள்ளைகள் பிடித்து நிற்கும் மேசை உடைந்தாலும், சாய்கதிரை வெடித்தாலும் மிஸ் அவருக்குத்தான் சொல்லி அனுப்புவார், அதுவும் எழுத்தில். அந்த வெட்டு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் கடைசியில் தேவைப்படவில்லை. கால் இன்றைக்கும் கொஞ்சம் இழுக்கும்.

கவசம் போட்ட புதிதில் ஒருநாள் கரையில் அப்பாவோடு நின்றேன். தூரத்தில் நின்ற ஒரு வள்ளத்தை ஒரு கண்ணால் பார்த்து, அதன் முன்பக்கத்து அணியம் கால் இஞ்சி திரும்பியிருக்கிறது என்றார். சொந்தக்காரர் அளந்தார். கால் இஞ்சிதான். நான் உடனே கவசத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது?"

அப்பா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நேர்தான்."

அப்பாவின் நோய் என்னவென்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. குசினிக்குப் போய், அப்பாவுக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் தெரிகிறது, கிட்டத்தில் இருப்பதுதான் தெரிகிறதில்லை, கட்டாயம் கண்ணாடி போட வேண்டும் என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா அடுப்பிலிருந்து இடியப்பத் தட்டை இறக்கி, அடுத்ததை ஏற்றிவிட்டு, வந்து என் குதியைக் கையில் எடுத்தார்.

"எனக்கும் அந்தக் கண் வருத்தம் இருக்கு," என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரைப் பற்றியும் மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் சிரிக்கவில்லை. பேனையைத் திறந்து, "ரெண்டு பேருக்குமோ?" என்று ஒருமுறை கேட்டு, என்னுடைய கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டார். கண்ணாடிகள் வரும் வரும் என்று நான் நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.